கிடாரில் பெயர் எழுதியவர்

அவர் ஒரு சொல்லை வாய்விட்டுப் படித்து நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் நாகப்பட்டினம் கோர்ட்டில், சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷம் தினமும் பார்த்துப் பழகிய மனிதரை நமக்குத் தெரியவே தெரியாது என்று ஒரு நொடியில் புரிந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது.

கீழ்வேளூர் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதில் உட்கார்ந்து போர்டு எழுதுவார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஊரார் பெயரையெல்லாம் எழுதிக்கொடுத்த மனிதரை ஊர் ‘போர்டுக்காரர்’ என்றுதான் சொன்னது. கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பார்கள். கேட்டால், “ஆமா தம்பி, வந்தேன்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. பேச்சுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொன்னால் அவர் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டார். சீட்டில் எழுதித் தர வேண்டும். சீட்டில் இருப்பது தகரத்தில் இருக்கும், ஒரு புள்ளி கூடாது, ஒரு புள்ளி குறையாது. வேலை முடிந்ததும் சீட்டை ஒரு சைக்கிள் கம்பியில் குத்தி வைத்துவிடுவார். இதெல்லாம் எந்த போர்டு எழுதுகிறவரும் செய்யக்கூடியதுதான். இவரிடம் விசித்திரம் வேறு. கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துக்கு வருவார். ‘டீக்கடை’ என்று எழுத வேண்டுமானால் முதலில் ‘டை’ தோன்றும், பிறகு அதற்கு முன்னால் ‘க’ வந்து உட்காரும். கை ஈரத்தில் படாமல் இருக்க ஒரு குச்சியின் மேல் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வார்.

“ஏண்ணே இப்படித் தலைகீழா எழுதுறீங்க?” என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“முன்னாலேருந்து எழுதினா மனசு படிச்சிரும் தம்பி. படிச்சா கை தன்னிஷ்டத்துக்குப் போவும். எழுதுறவன் படிக்கப்படாது.”

எனக்கு அது போதாதா? நான் அப்போது ஓர் இன்னிசைக் குழுவில் அறிவிப்பாளன். பாட்டுக்குப் பாட்டு நடுவில் மைக்கைப் பிடித்து நாலு பேரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பது என் வேலை. வாய்தான் என் வாத்தியம். “எழுதுறவன் படிக்கப்படாது” என்பதை அவர் குரலிலேயே நான் சொல்லாத மேடை கிடையாது.

எங்கள் குழுவில் கிடார் வாசித்தவன் செல்வராசு. தெற்குத் தெரு விவசாயக் கூலி வீட்டுப் பையன். நடவு, அறுப்பு நாட்களில் வயலில் இருப்பான், திருவிழா நாட்களில் மேடையில் இருப்பான். மதராஸ் போய் ஒரு கிடார் வாங்கி வந்தான். நல்ல நாதம், ஆனால் தலையில் பெயர் இல்லை. பெயரில்லாத கிடார் நாட்டுக் கிடார் என்று யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கிடார் வைத்திருக்கிற குழு என்றால் கல்யாண வீட்டில் மரியாதையே தனி. எனவே தலையில் ‘ஹால்வர்ன்’ என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரை எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். யாரோ கொண்டுவந்த கேசட் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தோம். ஞாபகத்திலிருந்து நான்தான் ஆங்கிலத்தில் சீட்டு எழுதினேன். போர்டுக்காரர் சீட்டை வாங்கினார், ஒரு கணம் பார்த்தார், பொன் நிறப் பெயின்டைக் குழைத்தார்.

“பனிக்காலம். காய ரெண்டு நாள் ஆவும், தொடாதீங்க” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

இரண்டு மாதம் அந்தக் கிடாரோடு நாங்கள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தோம். பிறகு நாகூரில் ஒரு கல்யாணத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பாய், மேடைக்கு வந்து செல்வராசுவின் கையைக் குலுக்கிவிட்டு கிடாரின் தலையைப் பார்த்தார். பார்த்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். வி இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூ இருந்ததாம். மானம் கப்பலேறியது.

மறுநாள் படையாகப் போனோம். போர்டுக்காரர் கோபப்படவில்லை. கம்பியிலிருந்து சீட்டை உருவி என் முன்னால் நீட்டினார். “உங்க கையெழுத்துதானே தம்பி?” என்றார். என் கையெழுத்துதான். நான் அசடு வழிந்தேன். செல்வராசு மட்டும் சிரித்தான். “இருந்துட்டுப் போவட்டும்ணே. இந்தப் பேருல உலகத்துலயே கிடார் இது ஒண்ணுதான்” என்று எடுத்துக்கொண்டு போனான்.

ஒன்றுதான் என்று அவன் சொன்னது சரியாகப் போயிற்று. எங்களைப் பார்த்து மற்ற குழுக்காரர்களும் அவரிடமே வந்தார்கள். சீர்காழிக் குழுவின் கிடாரில் அதே பெயர் எம் எழுத்தில் முடிந்தது. பட்டுக்கோட்டைக் குழுவுக்கு முதல் எழுத்தே காணாமல் போயிருந்தது. ‘மெர்லிங்டன்’ என்று இன்னொரு கம்பெனி. அதற்கு ஒருவன் ஜி இல்லாமல் எழுதி வந்தான், இன்னொருவன் இரண்டு ஜி வைத்து வந்தான். எல்லாவற்றையும் அவர் சீட்டில் இருந்தபடியே, அச்சடித்த மாதிரி அழகாக எழுதிக் கொடுத்தார். அந்த அழகுதான் என்னை மிகவும் சிரிக்க வைத்தது. அதையும் மேடையில் சொன்னேன். ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவரே முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவரைப் போலவே குச்சியில் கையை ஊன்றி, பின்னாலிருந்து முன்னாலாக எழுதிக் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்சி மாறி, வெள்ளையடித்த சுவரையெல்லாம் கட்சிக்காரர்கள் பிடித்துவைத்த காலம் அது. குத்தகைக்காரர்களுக்குச் சட்டம் வந்தது, கூலிக்குச் சட்டம் வந்தது. சட்டம் கோட்டையிலிருந்து கிளம்பியது உண்மை. எங்கள் பக்கத்து வயலுக்கு வந்து சேரத்தான் அதற்கு பஸ் கிடைக்கவில்லை. விவசாயச் சங்கம் சுவரில் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று எழுதச் சொன்னது. அவர் எழுதினார். எதிர்ச் சுவரில் பெரிய பண்ணை ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று எழுதச் சொன்னது. அதையும் அவரே எழுதினார். இரண்டு தரப்பும் வந்து திட்டின. “ரெண்டும் எழுத்துதானே” என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. மனிதருக்கு உப்பு உறைப்பே கிடையாதா என்று தோன்றியது.

அந்தத் தை மாதம் சம்பா அறுப்பு நின்றுபோயிற்று. கூலி உயர்த்தாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. வரப்பில் போய் அவர்களை மறித்து நின்றவர்களில் செல்வராசு முதல் ஆள். மேடையில் குனிந்த தலை நிமிராத பையன், வயலில் அப்படி ஒரு குரல் எடுத்துப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை, சங்கத்தின் பக்கம் அவனும் உட்காருவதாக இருந்தது.

புதன்கிழமை ஒரு வேலையாக போர்டுக்காரர் கொட்டகைக்குப் போனேன். கறுப்புக் கரை போட்ட ஒரு தகரத்தில் குனிந்திருந்தார். கண்ணீர் அஞ்சலி போர்டு. வழக்கம்போலப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்ததால் பெயரில் ‘ராசு’ என்பது மட்டும் எழுதி முடிந்திருந்தது. அதற்குக் கீழே, தேதி எழுதுகிற இடம் வெறுமனே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ராசு. கோவிந்தராசு, தங்கராசு, நாகராசு. “எந்த ராசுண்ணே டிக்கெட் வாங்கிட்டாரு?” என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் கை நின்றது. தூரிகையைத் துடைத்தார். “நான் படிக்கல தம்பி” என்றார். என்னைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். அவர் முகத்தில் வியர்வை இருந்தது ஞாபகம் இருக்கிறது. பனிக்காலத்துக் காலை அது. நான் வந்த வேலையை முடித்துக்கொண்டு விசிலடித்தபடி கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம், வாய்க்கால் பாலத்தில் செல்வராசுவை வெட்டினார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் அந்த வழியாக வந்த நெல் லாரியில் ஏற்றி தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆள் முடிந்தான் என்று ஊருக்குள் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சாவு யார் வீட்டில் விழுந்தாலும் முதல் மாலை பெரிய பண்ணை மாலையாக இருக்க வேண்டும். செத்தவன் பண்ணைக்கு ஆகாதவன் என்றால் இன்னும் கவனமாக முந்திக்கொள்வார்கள். மாலை போட்டவனை யார் சந்தேகப்படுவார்கள்? பண்ணையின் காரியங்களைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் இதில் கெட்டிக்காரர். சனிக்கிழமை விடிந்தபோது பஸ் நிற்கிற முக்கில், செல்வராசுவின் பெயரோடு, பண்ணையார் குடும்பத்தாரின் கண்ணீர் அஞ்சலி போர்டு நின்றது.

நான் அழுதுகொண்டேதான் அதன் அருகே போனேன். நண்பன் பெயரைத் தொட வேண்டும் போல இருந்தது. தொட்டேன். காய்ந்து கல்லாக இருந்தது. கை கீழே நழுவி தேதியில் பட்டது. விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. முதலில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ‘ராசு’ என்ற எழுத்தைத் திரும்பப் பார்த்தேன். புதன்கிழமை நான் பார்த்து நையாண்டி செய்த அதே ‘ராசு’. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாகப் போகிறவனுக்குப் புதன்கிழமை போர்டு எழுதியிருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒன்பது மணிக்கு சங்கத்து ஆள் ஒருவர் மூச்சிரைக்க சைக்கிளில் வந்தார். “உசுரு இருக்கு, கண்ணு முழிச்சிட்டான்” என்றார். அத்தனை பேரும் போர்டைத் திரும்பிப் பார்த்தோம். பண்ணை ஆட்கள் நாலு பேர் போர்டைப் பிடுங்க ஓடிவந்தார்கள். தெற்குத் தெருப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் போர்டுக்காரர் தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து போனார் என்று கேள்விப்பட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. சீட்டை நீட்டி, காரியக்காரர் இதைப் புதன்கிழமை காலையில் கொடுத்தார், தேதிக்கு இடம் விடச் சொன்னார், இன்றைக்கு விடியற்காலையில் ஆள் அனுப்பித் தேதியை எழுதச் சொன்னார் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரம் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும். காரியக்காரரையும் இரண்டு வெளியூர் ஆட்களையும் பிடித்தார்கள்.

செல்வராசு பிழைத்தான். இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. கிடாரில் தந்தியை அழுத்துகிற கை அது.

கேஸ் ஒரு வருஷம் கழித்து வந்தது. காரியக்காரர் தரப்பு ஒரே வாதத்தைப் பிடித்துக்கொண்டது: சனிக்கிழமை காலையில் ஊர்ப் பேச்சைக் கேட்டு, துக்கம் தாளாமல் சீட்டுக் கொடுத்தோம், புதன்கிழமை எழுதியது வேறு யாருக்கோ. ஆகவே போர்டுக்காரரும் நானும்தான் கேஸின் இரண்டு கால். காய்ந்த பெயரையும் ஒட்டிய தேதியையும் சொல்ல நான் பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நன்றாகவே சொன்னேன். ராசு எத்தனை ராசு, பெயின்ட் காய எத்தனை நேரம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் திடீரென்று மேஜை மேல் மூன்று கிடார்களை வைத்தார். எங்கள் கிடார், சீர்காழிக் கிடார், பட்டுக்கோட்டைக் கிடார். விரல் போனபின் செல்வராசு விற்றுவிட்ட எங்கள் கிடாரையும் சேர்த்து எங்கே பிடித்தாரோ தெரியவில்லை.

“இதெல்லாம் அவர் எழுதியதுதானே?”

“ஆமாங்க.”

“மூன்றும் பிழை. பிழை என்று தெரிந்தால் ஒரு மனிதர் இப்படி எழுதுவாரா?”

“அவர் படிக்கவே மாட்டாருங்க. சீட்டைப் பார்த்து வரையுறதுதான்.”

“மேடையில் இதைப் பற்றி ஏதோ சொல்வீர்களாமே?”

கோர்ட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. சபை என்று ஒன்று கிடைத்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. “எழுதுறவன் படிக்கப்படாது” என்று, அவர் குரலிலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜ்கூடக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். நான் இறங்கி வந்து செல்வராசு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்து போர்டுக்காரர் ஏறினார். புதன்கிழமை வந்தது செல்வராசு பெயர் போட்ட சீட்டுதான் என்று எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று வக்கீல் கேட்டார்.

“வாங்கினப்பவே படிச்சேங்க.”

“நீங்கள்தான் படிப்பதே இல்லையே. உங்கள் தரப்பு சாட்சியே இப்போது சொல்லிவிட்டுப் போனார்.”

அவர் மேஜையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி எங்கள் கிடாரைக் காட்டினார். “அது ஹால்வர்ன். வி போடணும், டபிள்யூ இருக்கு. அடுத்ததும் ஹால்வர்ன்தான், கடைசில என் வரணும். மூணாவதுல முதல் எழுத்து எச் இல்ல. கொழும்புல ஒரு வாத்தியக் கடைக்கு ஏழு வருஷம் நான் போர்டு எழுதியிருக்கேங்க. இந்தப் பேரெல்லாம் கண்ண மூடிக்கிட்டு எழுதுவேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அப்போதுதான். நான் சீட்டை நீட்டிய அந்த முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை அப்படியே விட்டிருக்கிறார். பின்னாலிருந்து எழுதினாலும் அவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

வக்கீல் அவசரப்படவில்லை. “பிழை என்று தெரிந்தும் சொல்லவில்லை?”

“சொல்லல.”

“புதன்கிழமையே படித்தேன் என்கிறீர்கள். உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரில் அஞ்சலி போர்டு. தேதிக்கு இடம் விடச் சொல்கிறார்கள். இரண்டு நாள் இருந்தது. செல்வராசு உங்கள் கடையைத் தாண்டித்தான் தினமும் போவார். அவரிடமும் சொல்லவில்லை?”

அவர் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சொல்லல.”

“யாராவது சொல்லாமல் இருப்பார்களா? ஒன்று, இவர் அன்றைக்குப் படிக்கவில்லை, இப்போது கதை சொல்கிறார். அல்லது ஒரு கொலைத் திட்டத்துக்குத் தெரிந்தே உடன்பட்டவர். இரண்டில் எது என்றாலும் இவர் வார்த்தையை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது” என்று வக்கீல் ஜட்ஜைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சந்தேகத்தின் பலன் என்று தீர்ப்பு வந்தது. காரியக்காரர் அன்று சாயங்காலமே மாலையோடு ஊருக்குள் வந்தார். போர்டுக்காரர் அந்த மாதத்திலேயே கொட்டகையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று விரல் இருந்திருக்கும். புதன்கிழமை நான் கேட்டபோது, வியர்த்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அது சொல்ல வந்த முகம்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்தே பட்டது. அதற்குள் நான் விசிலடித்துக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

தீர்ப்பு நாளன்று நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் செல்வராசுவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். நான் போர்டுக்காரரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். மனுசனா அவன், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான் என்று கேட்டேன். செல்வராசு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். துண்டால் சுற்றிய இடது கையை வலது கையால் பிடித்திருந்தான்.

“பயந்தாருடா. பயந்தவரு, கடைசில அத்தன பேரு முன்னால வாயத் தொறந்தாரு” என்றான். “நீ ஒரு தடவ மூடியிருக்கலாம்.”

கீழ்வேளூர் பஸ் வந்தது. அவன் ஏறி, ஜன்னல் ஓரமாக, பக்கத்தில் எனக்கு இடமில்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.